இன்குபேட்டர் கதவு

எந்தக் கதவையும் இரண்டு உள்ளங்கைகளால்தான் சாத்துவாள். பீரோ கதவு, கார் கதவு, கோபித்துக்கொண்டு உள்ளே போகும்போது படுக்கையறைக் கதவு, எதிலும் சத்தம் வராது. "நீ கோவிச்சுக்கிட்டதே காபி வராதப்பத்தான் எனக்குத் தெரியுது" என்பான் கணவன்.

தொழில் அப்படி. தடுப்பூசி செய்யும் கூடத்தில் செல் வளர்த்து, அதற்குள் தடுப்பூசிக்கான வைரஸை வளர்க்கிறாள். படுக்கவைத்த பாட்டில்களுக்குள், இளஞ்சிவப்பு நீரின் அடியில், பாய் விரித்தாற்போல் செல்கள் ஒட்டிக் கிடக்கும். அவற்றை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் பெட்டிதான் இன்குபேட்டர். கதவை அறைந்து சாத்தினால், வைரஸ் புகுந்து தளர்ந்த செல்கள் உதிர்ந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். கூட வேலை செய்யும் அவசரக்கார அண்ணனோ அதைக் குதிகாலால் எத்திச் சாத்துகிறவர். "அண்ணே, அது லாரிக் கதவு இல்ல!" என்று அவள் கத்தாத நாளில்லை.

வைரஸைப் பற்றிக் கேட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும்.

"அது வீட்டோட மாப்பிள்ளை மாதிரிங்க. கையை வீசிக்கிட்டு வரும். உள்ள நுழைஞ்சு உட்கார்ந்ததும், அந்த வீடே தன் வேலையைப் போட்டுட்டு, அவரை மாதிரியே ஆயிரம் மாப்பிள்ளையச் செஞ்சு தள்ளும். கடைசியில மாப்பிள்ளைங்கதான் மிச்சம், வீடு இருக்காது! அடக்குறது நம்ம கையிலதான் இருக்கு. அள்ளி விட்டா அரைகுறையாப் பிறக்கும், கொஞ்சமாத்தான் விடணும். சூட்டைக் குறைச்சா நிதானமா, நிறையச் செய்யும். தட்டையாப் படுத்திருக்கிற செல்லு உருண்டு நின்னாத்தான் பதம். முன்னாடி எடுத்தா பிஞ்சு. எல்லாம் வெடிக்கிற வரைக்கும் விட்டா குப்பை."

சூட்டைக் குறைத்துப் பார்க்கலாம் என்று மேலாளரிடம் மன்றாடி இந்த முறை அனுமதி வாங்கியவள் அவள்தான். தப்பினால் அத்தனை பாட்டில்களையும் அவித்துக் கொட்டவேண்டியதுதான். அப்புறம் அங்கே அவள் பேச்சு எடுபடாது.

பாட்டில்கள் முற்றுகிற நாளாகப் பார்த்தா அந்தத் தும்மல் வரவேண்டும்! சளி பிடித்தவர்களுக்கு அந்த அறைக்குள் இடமில்லை. "ஊருக்கெல்லாம் வைரஸ் வளர்க்கிறவளுக்கு ஓசியில ஒண்ணு வளருது" என்று சிரித்தான் கணவன். அவளுக்கு அழுகை முட்டியது.

முகக்கவசத்தோடு கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றாள். உள்ளே அவசரக்கார அண்ணன் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தார். பெற்ற பிள்ளையைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு வாசலில் தவிக்கிற தாயாக இருந்தது அவள் நெஞ்சு. பொறுக்கமாட்டாமல் சுவர் போனை எடுத்தாள்.

"அண்ணே, அவசரப்பட்டு எடுத்துடாதீங்க!"

"நீ மொதல்ல மூக்கைத் துடைம்மா."

"உருண்டுடுச்சா, இல்லையா? அதைச் சொல்லுங்க!"

"நடுவுல உருண்டு நிக்குது. ஓரத்துல இன்னும் படுத்துத் தூங்குது. மெதுவாத்தான் வருது, ஆனா என்னமா வருது தெரியுமா! சாயங்காலம் வரைக்கும் விடுவோம். நீ ஜெயிச்சுட்டம்மா."

அவள் போனை வைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கிவிட்டுத் திரும்பினார். பழக்கத்தில் குதிகால் உயர்ந்தது. அந்தரத்திலேயே நின்றது. கண்ணாடிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, காலைக் கீழே ஊன்றி, கதவின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தார்.

வெளியே, அவளுடைய உள்ளங்கைகளும் தாமாகவே எழுந்து காற்றை மெல்லத் தள்ளின.