டைனிங் டேபிளில் கொஞ்சம் வானம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தலையில் லூடோ விழுந்தது.

போர்வை எடுக்கலாம் என்று கப்போர்டைத் திறந்தேன். அவ்வளவுதான். மேல் தட்டிலிருந்து முதலில் லூடோ, பின்னாலேயே செஸ், அதற்கும் பின்னால் மூடி கழன்ற கேரம் காய் டப்பா... சத்தம் கேட்டு வந்த என் கணவர் அடி பட்டதா என்று கேட்பார் என்றுதானே நினைப்பீர்கள்? "இதையெல்லாம் ஒரு வழி பண்ணணும்" என்றார்.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு அவரைத் தெரியும். ஆபீஸில் ஆடிட்டர். வீட்டிலும் அதே வேலைதான். அங்கேயே விதி போட்டுவிட்டார் – முழுசாக இருக்கும் விளையாட்டு கப்போர்டுக்கு, ஒரு காய் குறைந்தாலும் பழைய பேப்பர் கடைக்கு.

எங்கள் சேலையூர் ஃப்ளாட்டில் மூன்று பேர். மூன்றாவது ஆள் மகன் கார்த்திக். அவனும் அப்பாவும் பேசி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. ஓ.எம்.ஆரில் பார்த்துக்கொண்டிருந்த ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, நண்பன் ரியாஸோடு சேர்ந்து படப்பையில் செடி நர்சரி ஆரம்பித்தான். "மண்ணு அள்றதுக்கு எதுக்குடா பி.இ.?" என்று இவர் கேட்டார். அவன் எழுந்து போய்விட்டான். கடைசிப் பேச்சு அதுதான்.

அப்புறம் எல்லாமே என் வழியாக.

"மோட்டார் போட்டானான்னு கேளு."

"போட்டாச்சுன்னு சொல்லும்மா."

இரண்டு பேரும் ஒரே ஹாலில்தான் உட்கார்ந்திருப்பார்கள்! சிரிப்பாகத்தான் இருந்தது, படப்பையிலேயே ரூம் பார்க்கப் போவதாக அவன் சொல்லும் வரை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உட்கார வைத்துப் பேசிப் பார்த்தேன். சண்டை இன்னும் பெரிசானதுதான் மிச்சம்.

சரி, ஆடிட்டுக்கு வருகிறேன். கேரமில் சிவப்புக் காய் இல்லை. செஸ்ஸில் ஒரு யானைக்குப் பதில் பேனா மூடி. எல்லாம் பேப்பர் கடைப் பக்கம் ஒதுங்கின. கடைசியில் மாட்டியது ஒரு ஜிக்சா பெட்டி. ஆயிரம் துண்டு. என் தம்பி எப்போதோ வாங்கிக் கொடுத்த இரண்டு பெட்டிகளில் ஒன்று. ஒரு தடவைகூட முழுசாகச் சேர்த்ததில்லை. ஒரு வீடு, முன்னால் பூச்செடிகள், மேலே பாதிப் படத்துக்கு வெறும் நீல வானம்.

கணவர் எண்ண ஆரம்பித்தார். முந்நூற்றுச் சொச்சத்தில் போன் வந்தது. மறுபடி ஒன்றிலிருந்து. அந்தப் பக்கமாகப் போன கார்த்திக், ஃபேனைப் பார்த்துச் சொன்னான்.

"எண்றதுக்குப் பதிலா சேர்த்துப் பாத்தா தெரிஞ்சிடும்."

இவர் டேபிளைப் பார்த்துச் சொன்னார். "சேக்கறதுன்னா ஓரத்துலேர்ந்து ஆரம்பிக்கணும்."

கவனித்தீர்களா... நடுவில் நான் இல்லை.

அன்றிலிருந்து டைனிங் டேபிள் எங்களுக்குச் சொந்தமில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில்தான் சாப்பாடு. சாப்பிட்டதும் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து துண்டு தேடுவார்கள். முதலில் "அந்த நீலம்", "இந்தப் பச்சை" என்பதோடு சரி. ஒரு நாள் இவர் பூச்செடியைக் காட்டிக் கேட்டார்.

"இது என்ன செடிடா?"

"ஹைட்ரேஞ்சியாப்பா."

"படப்பை வெயிலுக்குத் தாங்குமா?"

"கஷ்டம்தான். ஷேட் நெட் போட்டுப் பாக்கலாம். நீ ஒரு நாள் வந்து பாரேன்."

நான் கிச்சனில் குழாயை மூடிவிட்டு நின்று கேட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் சண்டை போடுகிற ஆண்கள், பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது தேடச் சொன்னால் எப்படிப் பேசுகிறார்கள்! இது தெரியாமல் இத்தனை நாள் எதிரெதிரே உட்கார வைத்திருக்கிறேன்.

ஆனால் வானம் நாளுக்கு நாள் நிரம்பிக்கொண்டே வந்தது. முடிந்துவிட்டால்? பெட்டியை மூடிவிட்டு அவரவர் ரூமுக்குப் போய்விட்டால்? டேபிளைத் துடைக்கிற சாக்கில் ஒரு நீலத் துண்டை எடுத்துக் கடுகு டப்பாவுக்குள் போட்டுவிட்டேன்.

போன சனிக்கிழமை சாயங்காலம் கையில் இருந்த கடைசித் துண்டையும் வைத்தார்கள். நான் எட்டிப் பார்த்தேன். வானத்தில் மூன்று ஓட்டை.

மூன்றா? நான் எடுத்தது ஒன்றுதானே!

இவர் டேபிளுக்கு அடியில் குனிந்து தேடினார். கார்த்திக் சோபா குஷனை எல்லாம் தூக்கிப் பார்த்தான். பாவம், நானும் துடைப்பத்தை எடுத்து வந்து பெருக்கினேன்.

"ரூல்படி இது பேப்பர் கடைக்குத்தாங்க போகணும்" என்றேன், மெதுவாக.

"நல்லாத் தேடிட்டுதான் போடணும். என்ன அவசரம்?" என்றார் விதி போட்டவர்.

"ஆமாம்மா. அவசரமே இல்ல" என்றான் மகன். "அதுவரைக்கும் இன்னொரு பெட்டி இருக்குல்ல, அதையும் செக் பண்ணிடலாம்ப்பா."

படப்பை ரூம் பேச்சு அப்புறம் வரவில்லை.

மறுநாள் மெஷினில் துணி போடும்போது பாக்கெட்டுகளைத் துழாவினேன். அவர் சட்டையில் ஒரு துண்டு வானம். மகனின் ஜீன்ஸில் இன்னொன்று. இருந்த இடத்திலேயே வைத்து, இரண்டையும் துவைக்காமல் ஆணியில் மாட்டிவிட்டேன்.

அழுக்குத் துணியோடு இருந்தால்தான் என்ன... ஒரே வீட்டில் இருக்கிறார்களே, எனக்கு அது போதும்.