ஏழாவது கணக்கும் ஞானையாவின் பெட்டியும்

பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிகளைக் கவனிக்கும் அலுவலகத்தில் ஞானையா குமாஸ்தாவாக இருந்தார். நானும் அங்கே குமாஸ்தாதான். பதினோரு வருஷம் ஒரே மேஜையின் இரண்டு பக்கங்களில் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பதினோரு வருஷமும் அவர் எழுந்து வெளியே போகும்போதெல்லாம் தன் மைக்கூட்டை மூடி, பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டுதான் போவார். உம்முடைய மையை நான் குடித்துவிடுவேனா என்று கேட்டால் சிரிக்க மாட்டார். "ஒரு ஜாக்கிரதைக்குத்தான் வே" என்பார்.

பள்ளிப் பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் தோமா. அது அப்போஸ்தலருக்கு இழுக்கு. அந்தத் தோமா இயேசுவின் காயத்தைத் தொட்டுப் பார்த்தார், நம்பினார், முடிந்தது. இவர் தொட்டுப் பார்த்தால் தொட்ட விரலையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்.

இந்தக் குணம் பிறவியில் வந்ததல்ல. பதினாறு வயதில் ஆசிரியர் வேலைக்கான பரீட்சை எழுதினார். பக்கத்து இருக்கைக்காரன் இவர் தாளைப் பார்த்து எழுதித் தேறிவிட்டான். இவர் கணக்கில் தவறிவிட்டார். பார்த்து எழுதியவன் எப்படித் தேறினான், எழுதியவன் எப்படித் தவறினான் என்பது இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. அன்றைக்கு விட்டவர்தான், அதற்குப் பிறகு ஒரு கணக்கையும் அவர் போட்டதில்லை. கணக்குப் போடுகிறவர்களைக் காவல் காப்பதையே தொழிலாக எடுத்துக்கொண்டார்.

அதற்கு ஏற்ற இடமும் கிடைத்தது. வருஷா வருஷம் தை மாதம் சுற்றுவட்டத்து மிஷன் பள்ளிகளின் பெண் பிள்ளைகளுக்கு மனக்கணக்குப் போட்டி நடக்கும். பத்துக் கணக்குகள். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் வாசிப்பார்கள். பிள்ளை மனத்திலேயே போட்டு விடையை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுத வேண்டும். போட்ட வழியைக் காட்ட வேண்டாம். முதலாவதாக வருகிற ஒருத்திக்குப் பாளையங்கோட்டையில் தங்கிப் படிக்கும் பள்ளியில் நாலு வருஷத்துக்கு இலவசமாக இடம். படித்து முடித்தால் ஆசிரியை வேலை.

வழியைக் காட்ட வேண்டாம் என்றால் ஞானையாவுக்குத் தூக்கம் எப்படி வரும்? அவர் காவலில் நடக்கும் போட்டியைப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் இரண்டு கையையும் விரித்துக் காட்ட வேண்டும். ஒரே ஊர்ப் பிள்ளைகள் அடுத்தடுத்து உட்காரக் கூடாது. கூட வந்த ஆசிரியர்கள் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். ஒரு தரம் மரத்தடியில் ஒருவர் மூன்று முறை இருமிவிட்டார். அந்தக் கணக்குக்கு விடை மூன்றா என்று தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஞானையா போட்டியைத் தொடர விட்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

விடைகளையும் அவர் வெளியே விட மாட்டார். போட்டி முடிந்த பிறகும் எது சரி, எது தப்பு என்று யாருக்கும் தெரியாது. மதிப்பெண் மட்டும் தெரியும். விடை தெரிந்தால் அடுத்த வருஷக் கணக்கை ஊகித்துவிடுவார்களாம்.

இப்படி இருந்த மனிதருக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில் ஒரு சோதனை வந்தது. அவருடைய மகள் லில்லி போட்டிக்குப் பெயர் கொடுத்தாள்.

லில்லிக்குப் பதின்மூன்று வயது. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும், அதனால் இந்த ஒரு தரம்தான். இடம் கிடைக்காவிட்டால் அவள் படிப்பு அத்தோடு நின்றுவிடும். ஞானையாவின் அக்காள் தன் மகனுக்கு அவளைக் கேட்டு இரண்டு தரம் ஆள் அனுப்பிவிட்டாள். லில்லிக்கு அந்த வீடு வேண்டாம். அவளுக்குக் கணக்கு வேண்டும். தாயார் சாரம்மாள் நெல் அளக்கும்போது கூட இருந்து, அளந்து முடிவதற்குள் அத்தனை மரக்காலுக்கும் படி எத்தனை என்று சொல்லிவிடுகிற பிள்ளை அது.

ஞானையா குருவானவரிடம் போய், என் மகள் எழுதுகிறாள், காவலுக்கு வேறு ஆள் போடுங்கள் என்று சொன்னது உண்மை. போட்டிக் குழுவுக்குக் குருவானவர்தான் தலைவர். அவர் சிரித்துவிட்டு, "உம்மைவிட நல்ல காவல்காரன் எங்கே கிடைப்பான்? பெட்டி உம்மிடமே இருக்கட்டும், வேறு கைக்குப் போகக் கூடாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கணக்குகளும் விடைகளும் மதுரைப் பக்கத்து ஆசிரியர் ஒருவரிடமிருந்து தபாலில் வந்தன. ஞானையா அவற்றை நல்ல தாளில் படி எடுத்தார். மூலத்தை வைத்திருந்தால் யாராவது பார்த்துவிடுவார்களே, அதனால் அடுப்பில் போட்டு எரித்தார். படியைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பூட்டின்மேல் அரக்கு வைத்து, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். பெட்டியை அலுவலகத்தில் வைக்கலாமா? அங்கே நான் இருக்கிறேன். வீட்டில் வைக்கலாமா? அங்கே லில்லி இருக்கிறாள். ஒரு வாரம் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார். மகள் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட இவர் எழுந்து உட்கார்ந்துகொள்வார் என்று சாரம்மாள் என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

எட்டாம் நாள் பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு சத்தியநேசன் வீட்டுக்குப் போனார். சத்தியநேசன் ஊர்க்கோடியில் இருந்த சின்னப் பள்ளியின் தலைமை ஆசிரியர். ஞானையா இந்த உலகத்தில் நம்பிய ஒரே ஆள். ஏன் நம்பினார் என்றால், சத்தியநேசனும் எல்லாரையும் சந்தேகப்படுவார். எந்த ஆசிரியர் எங்கே திருட்டுத்தனம் பண்ணுகிறார் என்று வாரம் ஒரு முறை வந்து இவர் காதில் ஓதுவார். பிறரைச் சந்தேகப்படுகிறவன் யோக்கியன் என்பது ஞானையாவின் வேதம். அந்த வருஷம் சத்தியநேசன் பள்ளியிலிருந்து பிள்ளைகள் யாரும் வரவில்லை. பிறகென்ன, பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

போட்டி நடந்தது. நாற்பது பிள்ளைகள். களக்காட்டிலிருந்து வந்த கிரேஸ் என்ற பிள்ளை பத்துக்குப் பத்து. லில்லி ஒன்பது. மற்றவர்களில் ஏழு மதிப்பெண்ணைத் தாண்டியவர்கள் இல்லை.

ஒரே ஒரு கணக்கில் இடம் போய்விட்டதே என்று வேறு தகப்பன் வருத்தப்பட்டிருப்பான். ஞானையா வருத்தப்படவில்லை. நேரே குருவானவரிடம் போய், என் மகள் ஒன்பது எடுத்தது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, ஒரு வாரம் பெட்டி என் வீட்டில் இருந்தது, அவள் பார்த்திருக்கலாம், அவள் பெயரை அடித்துவிடுங்கள் என்று எழுதியே கொடுத்தார். தகப்பனே எழுதிக் கொடுத்தால் குழுவினர் என்ன செய்வார்கள்? அடித்துவிட்டார்கள். திருடி என்று பெயர் வாங்கியவளுக்கு அதற்கப்புறம் எந்த மிஷன் பள்ளியிலும் இடமில்லை.

லில்லி அவர் முன்னால் வந்து நின்று, "அப்பா, நான் பெட்டியத் தொடலை" என்றாள். ஒரே ஒரு தரம்தான் சொன்னாள். அவர் அரைஞாணில் சாவி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். அன்றிலிருந்து சாரம்மாள் அவருக்குச் சோறு மட்டும் வைத்தாள், பேச்சு வைக்கவில்லை. இந்தத் தரம் அக்காள் வீட்டுக்கு இங்கிருந்தே ஆள் போயிற்று.

இது தெரிந்ததும் எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. மறுநாள் மேஜையில் எதிரே உட்கார்ந்ததும் கேட்டேன்.

"ஏன் வே, பிள்ளை பாத்து எழுதுனா பத்தும்லா எழுதியிருப்பா? ஒண்ண எதுக்கு விட்டா?"

"அதான் வே சந்தேகமே" என்றார், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "கஷ்டமான கணக்கெல்லாம் போட்டிருக்கா. சுலபமான ஏழாவத விட்டிருக்கா. பத்தும் போட்டா நான் பிடிச்சிருவேன்னு தெரியும். வேணும்னே ஒண்ணத் தப்பாப் போட்டிருக்கா."

எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது. "அந்த ஏழாவது என்ன கணக்கு? வாசியும்."

வாசிக்க மாட்டேன் என்றார். வாசிக்காவிட்டால் இந்த மேஜையிலேயே இனி இருக்க மாட்டேன் என்றேன். அங்கே இங்கே பார்த்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து, தாளை எடுத்து வாசித்தார்.

களக்காட்டிலிருந்து ஒருவன் வண்டியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். சேரன்மகாதேவியில் பாதியை விற்றான். மீதியில் மூன்றில் ஒரு பங்கைப் பத்தமடையில் விற்றான். அதற்கும் மீதியில் நாலில் ஒரு பங்கை மேலப்பாளையத்தில் விற்றான். பாளையங்கோட்டை வந்து சேர்ந்தபோது வண்டியில் இருபத்தொரு தார் இருந்தது. புறப்படும்போது எத்தனை?

நான் பெரிய கணக்குப் புலி இல்லை. கடைசியிலிருந்து பின்னால் நடந்து போனேன். மேலப்பாளையத்தில் நாலில் ஒன்று போய் இருபத்தொன்று என்றால் அதற்கு முன் இருபத்தெட்டு. பத்தமடையில் மூன்றில் ஒன்று போய் இருபத்தெட்டு என்றால் அதற்கு முன் நாற்பத்திரண்டு. சேரன்மகாதேவியில் பாதி போய் நாற்பத்திரண்டு.

"எம்பத்தி நாலு" என்றேன்.

"தப்பு. நாப்பத்தி எட்டு."

"யாரு சொன்னா?"

"தாள்ல இருக்கு வே."

"தாள்ல இருந்தா? நாப்பத்தி எட்டுல பாதி போனா இருபத்தி நாலு. பத்தமடையில எட்டு போனா பதினாறு. மேலப்பாளையத்துல நாலு போனா பன்னெண்டு. இருபத்தி ஒண்ணு எங்கன இருந்து வரும்? நீரு போட்டுப் பாத்தீரா?"

அவர் போட்டுப் பார்க்கவில்லை. பத்து வருஷமாகக் காத்த கணக்குகளில் ஒன்றைக்கூட அவர் போட்டுப் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பேனாவை எடுத்துத் தாளில் போட்டார். எண்பத்துநாலு வந்தது. அடித்துவிட்டு மறுபடி போட்டார். எண்பத்துநாலுதான் வந்தது. படி எடுக்கும்போது அவர் கைதான் எண்ணைத் திருப்பி எழுதியிருக்கிறது. ஒத்துப் பார்க்க மூலமும் இல்லை. அதைத்தான் அடுப்பில் போட்டாயிற்றே.

"லில்லி என்ன எழுதியிருந்தா?" என்று கேட்டேன்.

"எம்பத்தி நாலு" என்றார். அவர் முகத்தை அப்போது பார்க்க முடியவில்லை. பெட்டியைப் பார்த்தவள் நாற்பத்தெட்டு என்றல்லவா எழுதியிருப்பாள்.

கொஞ்ச நேரம் கழித்து எனக்கு வேறொன்று உறைத்தது. "அப்ப அந்தக் கிரேஸ் பிள்ளை பத்தும் சரின்னீரே. அவ நாப்பத்தி எட்டா எழுதினா? அந்த எண்ணு உம்ம பெட்டிக்குள்ள மட்டும்லா இருந்துது?"

ஞானையா எழுந்து அலமாரியிலிருந்து தகரப் பெட்டியை எடுத்து வந்தார். பூட்டைப் பார்த்தார். நான் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். மூடியைப் பிடித்திருக்கும் கீலில் ஒரு கம்பி துருவேறிக் கறுத்திருந்தது. மற்றொன்று புதுசாக மின்னியது. முன்னால் அரக்கு வைத்த மனிதருக்குப் பெட்டிக்குப் பின்பக்கம் ஒன்று உண்டு என்று தோன்றவில்லை.

"இது உம்ம கைய விட்டு எங்கயாவது போச்சா வே?"

அப்போதுதான் சத்தியநேசன் பெயரைச் சொன்னார்.

"நல்லா இருக்கு" என்றேன். "கிரேசு சத்தியநேசனோட அண்ணன் மகள்லா. களக்காட்டுல இருந்து வந்தாலும் ரத்தம் ரத்தந்தானே. ஊருக்கே தெரியும், உமக்குத் தெரியாதாக்கும்."

அவருக்குத் தெரியவில்லை. இருமுகிறவனையெல்லாம் சந்தேகப்பட்டவர், தேடிப் போய்த் திருடன் கையிலேயே பெட்டியைக் கொடுத்திருக்கிறார்.

"சொன்னா என் வேலை போயிரும் வே" என்றார். பெட்டியை வேறு கைக்கு விட்டது ஒன்று, மூலத்தை எரித்தது ஒன்று, தப்பாகப் படி எடுத்தது ஒன்று. மூன்றும் அவர் தலையில்தான் விழும். அது எனக்கும் தெரியும். "சொல்லலேன்னா உம்ம மக திருடி" என்றேன். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தானாகவே எழுந்து நடந்தார். இந்த ஒன்றுக்காக அவரை நான் மதிக்கிறேன்.

குருவானவர் தானே கணக்கைப் போட்டுப் பார்த்தார். பிறகு சத்தியநேசனை வரவழைத்து, இந்தப் பெட்டி உம் வீட்டில் இருந்ததா என்று மட்டும் கேட்டார்.

"இருந்துது ஐயா. கொண்டு வந்தது மாதிரியே திருப்பிக் கொடுத்திட்டேன். அரக்கு உடையலை. கீல நான் தொடவே இல்லை" என்றார் சத்தியநேசன்.

கீலைப் பற்றி அதுவரை அந்த அறையில் யாரும் வாய் திறக்கவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். குருவானவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

சத்தியநேசனுக்கு வேலை போயிற்று. கிரேஸ் பெயரை எடுத்தார்கள். பாவம், அந்தப் பிள்ளை சித்தப்பா பிள்ளைகளோடு விளையாட வந்த இடத்தில் அவர் சொல்லிக் கொடுத்ததை மனப்பாடம் பண்ணியது, அவ்வளவுதான். ஞானையாவைக் காவலிலிருந்து நீக்கிவிட்டார்கள். குமாஸ்தா வேலையை மட்டும் விட்டுவைத்தார்கள். ஏழாவது கணக்கை எல்லாருக்கும் திரும்பத் திருத்தினார்கள். லில்லிக்குப் பத்துக்குப் பத்து. இடம் அவளுக்கே.

பள்ளியில் கொண்டுபோய் விட நானும் கூடப் போனேன். டிரங்குப் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் போனோம். வாசலில் இறக்கி வைத்ததும் ஞானையா மகளைப் பார்த்து, "யம்மா, அப்பா தப்பு பண்ணிட்டேன். நீ எடுக்கலைன்னு இப்ப எனக்குத் தெரியும்" என்றார்.

லில்லி குனிந்து டிரங்குப் பெட்டியின் பிடியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "நான் தொடலைன்னு அன்னைக்கே சொன்னேன்லாப்பா. அப்ப நம்பலை. வாழைத்தார எண்ணிப் பாத்த பெறவுதான் நம்புதீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு ஒப்பிப்பதைப் போலத்தான் சொன்னாள்.

"மன்னிச்சிரும்மா."

"மன்னிச்சிட்டேன்பா. நேரமாவுது, போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வரும் வழியில் ஆற்றுப்பாலம் தெரிகிற இடத்துக்கு வந்தோம். ஞானையா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஏன் வே, அவ மனசாரச் சொன்னாளா, ஒப்புக்குச் சொன்னாளா?"

"அத அவகிட்டல்லா கேக்கணும்" என்றேன்.

அவள் படித்து முடித்து ஆசிரியையாகி, அவர் சாகும்வரை மாதம் தவறாமல் வந்து பார்த்தாள். அவள் வந்து போன மறுநாளெல்லாம் அவர் என்னிடம் அதே கேள்வியைக் கேட்டார். அவளிடம் ஒரு தரமும் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லுவாள், சொன்னதை நம்ப வேண்டுமே என்ற பயம் அவருக்கு.