ஊரார் வீட்டுக்கெல்லாம் எங்கள் லோரி

வீடு மாற்றிக் கொடுக்கும் தொழிலில் ஒரு பெருமை உண்டு, யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று நமக்குத்தான் முதலில் தெரியும். ஒரு சிறுமையும் உண்டு, நாம் உடைத்தது ஊருக்கே முதலில் தெரிந்துவிடும். வாழ்க்கையில் ஒரு முறையாவது வீடு மாற்றி, உரல் வந்து சேர்ந்து உலக்கை வராமல் தவித்த அன்பர்களே, இது உங்களுக்காகத்தான். நீங்கள் லோரிக்குப் பின்னால் சைக்கிளில் பதறிக்கொண்டு வந்தவர்கள். நான் லோரிக்கு மேலே உட்கார்ந்து உங்களைவிட அதிகமாகப் பதறியவன்.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், கிடைத்த வருஷம் அது. மலாக்காவில் யாரைப் பார்த்தாலும் எங்கேயோ மாறிக்கொண்டிருந்தார்கள். துரைமார் கப்பலுக்கு மூட்டை கட்டினார்கள். அவர்கள் காலி செய்த குவார்ட்டர்ஸுக்கு நம் ஆபீஸ் குமாஸ்தாக்களான கிராணிமார் குடிபோனார்கள். கிராணிமார் விட்ட வீட்டுக்கு வேறு யாரோ வந்தார்கள். ஊரே எழுந்து இடம் மாறி உட்கார்ந்தது என்று வையுங்கள். ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்த எனக்குக் கை பரபரத்தது. வேலையை விட்டேன். காய்கறி லோரி ஓட்டிக்கொண்டிருந்த ஆ செங் என்ற சீனனோடு கூட்டுச் சேர்ந்தேன். லோரியில் பாதி அவனுடையது, பாதி என்னுடையது. ஹார்ன் மட்டும் எங்கள் இருவர் பேச்சையும் கேட்காது.

பெரியக்காவின் கண்ணாடி

முதல் வாடிக்கையே சொந்தத்தில் அமைந்தது. என் மனைவி சரோஜாவின் பெரியக்கா வீடு மாறினார். ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோ ஒன்று அவரிடம் இருந்தது. அதை நானே என் கையால் கட்டினேன். எப்படிக் கட்டினேன் என்பதில்தான் விஷயம். ஜவுளிக்கடையில் பொட்டலம் கட்டிப் பழகிய கை இது. ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிடும் பூ முடிச்சுப் போட்டேன். இரண்டு முழம் சீட்டித் துணிக்கு அது அழகு. பீரோவுக்கு அது ஆபத்து என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

லோரி ஜாலான் துக்காங் எமாஸில் பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போது ஒரு திரிஷா, மூன்று சக்கர சைக்கிள் ரிக்‌ஷா, குறுக்கே வந்தது. ஆ செங் பிரேக் போட்டான். முடிச்சு அவிழ்ந்தது. பீரோ பிள்ளையாரை நோக்கிச் சாஷ்டாங்கமாக விழுந்தது. சத்தம் கேட்டு என் பழைய கடை முதலாளி உட்படத் தெருவே வெளியே வந்துவிட்டது. பெரியக்கா பிள்ளையாரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சரோஜா பேசினாள்.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. நாங்களும் வீடு மாறவேண்டியவர்கள். பண்டார் ஹிலிரில் நாங்கள் குடியிருந்த பின்கட்டு அறையை வீட்டுக்காரர் தம் மகன் கல்யாணத்துக்காகத் திரும்பக் கேட்டிருந்தார். காஜா பெராங்கில் ஒரு வீடு பார்த்தாகிவிட்டது. சரோஜாவிடம் காலால் மிதிக்கும் தையல் மெஷின் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மெர்டேக்காவுக்கு ஆட்டப்போகும் கைக்கொடிகளையெல்லாம் தைத்துக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தாள். அந்த மெஷினுக்கு ஒன்று ஆனால் கொடியும் இல்லை, அவள் கொடுத்த வாக்கும் இல்லை. எனக்கோ அதைவிடப் பெரிய கவலை. என் சொந்த வீட்டுச் சாமானை வேறு கம்பெனி ஏற்றினால், மறுநாள் எந்த முகத்தோடு ஊரில் போய் ‘எங்களை நம்புங்கள்’ என்று சொல்வேன்? அன்று உடைந்த கண்ணாடியைப் பெருக்கிக்கொண்டே அவள் சொன்னது:

“இனிமே என் வீட்டு அம்மிக் குழவியக்கூட நீங்க தொடக்கூடாதுங்க!”

தாலி எங்கே?

அடுத்து, ஆஸ்பத்திரிக் கிராணி ஒருவர் வீடு. புதுசாகக் கல்யாணமாகி, மனைவியை ஊரிலிருந்து அழைத்து வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அந்தப் பெண்ணுக்கு மலாயில் ஒரு சொல் தெரியாது. கிராணி வேலைக்குப் போய்விட்டார். கட்டில், மெத்தை எல்லாம் ஏற்றியாகிவிட்டது. கட்டுகிற கயிறு மட்டும் வாசற்படியில், அந்தப் பெண்ணின் காலடியில் கிடந்தது.

ஆ செங் லோரி மேலிருந்து அவளைப் பார்த்துக் கையை நீட்டி, “தாலி! தாலி! காசி தாலி, லெக்காஸ்!” என்று கத்தினான். கயிறு, கயிற்றைக் கொடு, சீக்கிரம் என்கிறான் பாவம். அந்தப் பெண் ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அரிவாள்மனையைத் தூக்கிவிட்டாள். இன்னும் ஒரு தடவை அவன் தாலி கேட்டிருந்தால் எங்கள் கம்பெனியில் டிரைவர் வேலை காலி. நான் நடுவில் பாய்ந்து, “அம்மா, மலாயில கயித்துக்குப் பேரு அது! அவன் கயிறுதான் கேக்குறான்!” என்று அலறினேன். அவள் கயிற்றைப் பார்த்தாள், ஆ செங்கைப் பார்த்தாள், அரிவாள்மனையை மெதுவாகக் கீழே வைத்தாள். பிறகு அவளுக்கு வந்த சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று.

“கயித்துக்கே தாலின்னு பேரா? அப்ப இந்த ஊர்ல மாட்டுக்கெல்லாம் கல்யாணம் ஆயிருக்குன்னு சொல்லுங்க!”

கிண்ணத் தண்ணீர்

நம்பகமான கம்பெனியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எனக்குக் காட்டியவர் கம்போங் செட்டியில் ஓர் அம்மாள். நெற்றி நிறையத் திருநீறு, சாமி அறையில் மணி, சாம்பிராணி. பார்த்தவுடன் நான் சரளமாகத் தமிழில் ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மலாயில் பதில் சொன்னார். மலாக்காச் செட்டிகள் பல தலைமுறைக்கு முன்பே வந்து தங்கிவிட்டவர்கள், சாமி பெயரும் பூசைச் சாமான் பெயரும் தவிர அங்கே எல்லாம் மலாய்தான்.

இரண்டு சந்து தள்ளி மகள் வீட்டுக்குப் போகிறார். பரம்பரைப் பீங்கான் தட்டுகள் ஏராளம். எங்களுக்கு முன் இரண்டு கம்பெனிக்காரர்கள் வந்து போயிருந்தார்கள். அவர் ஒரு கிண்ணத்தில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றினார். அதை லோரியின் பலகைமேல் வைத்தார். தாம் முன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, ‘ஜாலான்’ என்றார், வண்டியை எடு என்று. நான் பின்னால் கிண்ணத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். தொடவும் கூடாது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு சாமியைக் கூப்பிட்டேன். காஜா பெராங் தெருவில் பள்ளங்கள் அதிகம், நல்ல வேளையாக நமக்குச் சாமிகளும் அதிகம். முதலில் வந்த கம்பெனிக்காரர் இந்தப் பரீட்சைக்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டாராம். அடுத்தவர் லோரியில் கிண்ணமே கவிழ்ந்ததாம்.

திரும்பி வந்ததும் அம்மாள் கிண்ணத்தில் விரலை விட்டு அளந்து பார்த்தார். கொஞ்சம்தான் சிந்தியிருக்கிறது, என் பீங்கான்கள் ஏறலாம் என்று தீர்ப்புச் சொன்னார். எனக்கு லோரியைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. அந்தத் தீர்ப்பு அவர் வாக்கிலேயே:

“தும்பா சிகிட் சாஜா. பிங்கான் சாயா போலே நாயிக்.”

வீடு தூக்குதல்

ஊருக்கு வெளியே ஒரு கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க் கிராமத்திலிருந்து, மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் சைக்கிளில் வந்தார். ‘ஆங்காட் ரூமா’ என்றார். ஆங்காட் என்றால் தூக்குவது, ரூமா என்றால் வீடு. வீட்டுச் சாமானைத் தூக்கவேண்டும் என்று நான் புரிந்துகொண்டேன். எவ்வளவு சாமான் என்றேன். முழுசும் என்றார். எவ்வளவு தூரம் என்றேன். வயலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் என்றார். இது கைநழுவக் கூடாத வேலை என்று ஒப்புக்கொண்டு, மறுநாள் போய் இறங்கினோம்.

வீட்டுக்குள் ஒரு பாய்கூட இல்லை. வெளியே கம்பத்து ஆண்கள் அத்தனை பேரும் நிற்கிறார்கள். மரவீட்டின் கால்களுக்குக் குறுக்கே நீள நீளமாக மூங்கில் கட்டியிருக்கிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் தூக்கப்போவது வீட்டுச் சாமானை அல்ல, வீட்டை! ‘சாத்து, டுவா, தீகா’ என்று ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும் ஒரு குரல் கேட்டது. வீடு எழுந்து நடந்தது. ஐயா, நடந்தது! ஜன்னலில் திரைத்துணி ஆடுகிறது, கூரை ஒரு பக்கம் சாயாமல் வயலைக் கடக்கிறது. நான் செருப்பை உதறிவிட்டு ஓடிப்போய் ஒரு மூங்கிலுக்குத் தோள் கொடுத்தேன். என் கண்ணெதிரே மூங்கிலைப் பிணைத்த கட்டு. மூன்று சுற்று, மூன்று முடிச்சு. அத்தனை பாரத்துக்கும் அது இம்மி நகரவில்லை. என் பூ முடிச்சை நினைத்து அங்கேயே வெட்கப்பட்டேன்.

வீட்டை இறக்கி வைத்ததும் பெரியவர் எங்கள் வெறும் லோரியைப் பார்த்தார். பழைய இடத்தில் மிச்சம் இருந்தது கோழிக்கூடு ஒன்றுதான். அதைக் காட்டி, லோரி கோழியை மட்டும் சுமக்கட்டும் என்று வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டு சொன்னார்:

“லோரி பாவா ஆயாம் சாஜா லா!”

பெரிய பலகை

இதையெல்லாம் சரோஜாவிடம் வந்து வந்து சொன்னேன். கிண்ணத்தில் அதிகம் சிந்தாததைச் சொன்னேன், பீங்கான் ஒன்றுகூடக் கீறாததைச் சொன்னேன், புது முடிச்சை மேஜைக் காலில் கட்டியே காட்டினேன். அவள் கொடித் துணியை மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். மறுநாள் குடையை எடுத்துக்கொண்டு கம்பெனி பார்க்கப் புறப்பட்டுவிட்டாள்.

எங்கள் பகுதியிலேயே ஒரு பெரிய கம்பெனி. வாசலில் பலகை, பலகையில் வரிசையாக லோரிகள் வரைந்திருக்கும். உள்ளே டை கட்டிய மேனேஜர். சரோஜா கேட்ட கேள்விகள் மூன்று. உடைந்தால் யார் பொறுப்பு? கட்டுகிற ஆள் யார்? புதன்கிழமை பன்னிரண்டு மணி ராகு காலத்துக்கு முன் காஜா பெராங்கில் பால் காய்ச்ச முடியுமா? மேனேஜர் மூன்றுக்கும் ‘ஓகே, ஓகே’ என்றாராம். அந்தக் கேள்விகள் அவளுக்கு எங்கிருந்து கிடைத்தன என்கிறீர்கள்? எல்லாம் நான் சொன்ன கதைகளிலிருந்துதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஒளிப்பானேன். ஆ செங்கிடம் போய்க் கொட்டித் தீர்த்தேன். அவன் என் முதுகைத் தட்டித் தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொன்னான்:

“தம்பி, கவலை வேணாம் லா. என் பொண்டாட்டி மார்க்கெட்டுக்கு பஸ்லதான் போவுது, என் லோரில ஏறாது!”

மூன்று முடிச்சு

புதன்கிழமை காலை. வீட்டில் இருக்கப் பிடிக்காமல், வேலை இருப்பதுபோல் லோரியடியில் போய் உட்கார்ந்திருந்தேன். பெரிய கம்பெனியின் ஆள் ஒருவர் சைக்கிளில் பறந்து வந்தார். அவர்கள் லோரிகளெல்லாம் விழாவுக்கு மேடைப் பலகையும் நாற்காலியும் ஏற்றப் போய்விட்டனவாம். ஒரு சின்ன வேலையை அவர்களுக்காக நாங்கள் முடித்துக் கொடுக்கவேண்டுமாம். சீட்டை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். என் வீட்டு முகவரி! நான் குதித்த குதியில் ஆ செங் லோரிக்கு ஏதோ ஆகிவிட்டதென்று நினைத்து ஓடி வந்தான்.

வாசலில் சரோஜா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மணி பத்தரை. நான் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, “பெரிய கம்பெனியிலேருந்து வந்திருக்கோம், அம்மா” என்றேன். அவள் சீட்டைப் பார்த்தாள். லோரியைப் பார்த்தாள். தெருக்கோடிவரை பார்த்தாள், வேறு லோரி எதுவும் வரவில்லை. “ஏத்துங்க” என்றாள். மெஷினை இரண்டு மெத்தைக்கு நடுவே நிறுத்தினோம். ஆ செங் வழக்கம்போல், “தாலி! காசி தாலி!” என்றான். சரோஜாவே கயிற்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, “பொட்டலம் கட்டுற மாதிரி கட்டாதீங்க” என்றாள். மூன்று சுற்றுச் சுற்றினேன். மூன்று முடிச்சுப் போட்டேன். கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு கவனமாக முடிச்சுப் போடவில்லை.

ஜாலான் துக்காங் எமாஸ் வந்தது. பிள்ளையார் கோயில் வந்தது. பழைய முதலாளி கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நம்பினால் நம்புங்கள், மறுபடியும் ஒரு திரிஷா குறுக்கே வந்தது! ஆ செங் பிரேக் போட்டான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மெஷின் நின்ற இடத்திலேயே நின்றது. முதலாளியைப் பார்த்து ஒரு பெரிய கும்பிடு போட்டேன்.

காஜா பெராங் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பால் சட்டி, அடுப்பு எல்லாம் மெஷினுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தன. நான் போட்ட முடிச்சோ இறுகிப்போய் நகத்துக்கு அசையவில்லை. ஆ செங் பொறுமையிழந்து ஸீட்டுக்கு அடியிலிருந்து கத்தியை எடுத்து, “தாலி போத்தோங் லா!” என்று ஓங்கிவிட்டான், அறுத்துவிடலாம் என்று. பிறகு நடந்ததெல்லாம் நல்லபடியாக நடந்தது. முடிச்சு அவிழ்ந்தது, ராகு காலத்துக்கு முன்பே பால் பொங்கியது, அன்று மாலையே மெஷின் கடகடவென்று ஓடியது, பிள்ளைகள் கையில் கொடிகளும் ஆடின. ஆனால் அந்தக் கத்தியைப் பார்த்ததும், புதுத் தெரு மொத்தமும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, சரோஜா ஓடி வந்து என் முடிச்சின்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு போட்ட சத்தம்தான் எனக்கு மெர்டேக்கா:

“ஐயோ, தாலிய அறுக்காதீங்க ஆ செங் அண்ணே! அவரு கட்டுனது லேசுல அவுழாது, கொஞ்சம் பொறுங்க!”

ஆகவே, வீடு மாற்றப்போகும் அன்பர்களே, நம்பகமான கம்பெனி வேண்டுமானால் பலகையில் எத்தனை லோரி வரைந்திருக்கிறதென்று எண்ணிக்கொண்டு நிற்காமல், சாமானைக் கட்டுகிறவன் பெண்டாட்டிக்குப் பயப்படுகிறவனா என்று மட்டும் விசாரித்துவிட்டு ஏற்றுங்கள்.