ஆளுக்கு இரண்டு கார்டு

எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்தில் ஒரு நூலகத்தில் வேலை பார்த்தேன். புத்தகங்களைத் தேடி எடுக்க உதவும் விவரக் கார்டு எழுதி மர டிராயர்களில் அடுக்க வேண்டும். எதிர் மேசையில் எனக்கு மூத்தவரான ஓர் அக்கா. கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். வீட்டில் தமிழைத் தவிர வேறு பேச்சு கிடையாது. தினமும் செங்கல்பட்டிலிருந்து ரயிலில் வருவார். கணவர் வெளிநாட்டில். பள்ளி விட்டு வரும் மகள், அக்கா திரும்பும்வரை பூட்டிய வீட்டுக்குள் தனியாக இருப்பாள். அக்காவுக்கு மூன்று மணிக்கு மேல் வேலை ஓடாது.

சொந்த நாட்டுக்குத் திரும்பவிருந்த பெல்ஜியம் பாதிரியார் ஒருவர் ஒரு பெட்டி புத்தகம் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் பெல்ஜியத்தின் வடக்கே பேசும் ஃபிளெமிஷ் மொழிக்காகப் போராடியவர்களின் வாழ்க்கை வரலாறுகள். ஒருவரின் கார்டை அவர் நாட்டின் டிராயரில் வைப்பதுதான் எங்கள் வழக்கம். நான் பாட்டுக்கு ‘பெல்ஜியம்’ என்று எழுதித் தள்ளினேன். அக்கா ஒரு கார்டை எடுத்துப் பார்த்தார்.

“இந்த மனுசன் ஆயுசு பூரா நான் ஃபிளெமிஷ்காரன்னு கத்தியிருக்காரு. நீ ஒரு வரியில முடிச்சிட்டியே தம்பி.”

“பாஸ்போர்ட் பெல்ஜியம்தானேக்கா?”

“உன்னை இந்தியான்னு மட்டும் போட்டு, தமிழ்னு எங்கயுமே போடலைன்னா சும்மா இருப்பியா?”

நான் சும்மா இருக்கிற ஆளில்லை. அது அக்காவுக்குத் தெரியும். டீ ஆறும்வரை சண்டை போட்டோம். கடைசியில் ஆளுக்கு இரண்டு கார்டு என்று முடிவானது. பெல்ஜியத்தில் ஒன்று, ஃபிளெமிஷ் என்று புது டிராயரில் ஒன்று. ஒருவருக்கு அம்மா பிரெஞ்சுக்காரி. அவருக்கு மட்டும் மூன்றாவது கார்டும் எழுதிச் சிரித்தோம்.

அந்தச் சமயத்தில்தான் சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவில் ஒரு மாடி போர்ஷன் காலியானது. நூலகத்துக்குப் பக்கம்; அங்கே குடிவந்தால் அக்கா மத்தியானத்தில்கூட ஓடிப்போய் மகளைப் பார்த்துவிட்டு வரலாம். வீட்டுக்காரர் ரிட்டயர்டு ஆபீசர், எனக்குப் பழக்கம். என்னோடு வேலை செய்கிறவர், நல்ல குடும்பம் என்று சொல்லி வைத்தேன். சந்தோஷமாக வரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளோடு வந்தார். வீட்டுக்காரர் காபி கொடுத்து, தண்ணீர் வரும் நேரமெல்லாம் சொன்னார். மாடிக்கு ஓடிய பெண் மேலிருந்து கூப்பிட்டாள்: “உம்மா, இங்கேருந்து ஏரி தெரியுது!”

‘உம்மா’ என்று கேட்டதும் வீட்டுக்காரர் முகம் மாறியது. என்னைத் தனியாக அழைத்தார்.

“என்ன சார், தமிழ்க்காரங்கன்னுல்ல நெனச்சேன்? முஸ்லிமா?”

“தமிழ்க்காரங்கதான் சார். இத்தனை நேரம் என்ன பாஷையில பேசினாங்க?”

“அதெல்லாம் சரி. அவங்க வேற, நாம வேற இல்லையா?”

எனக்கு ரத்தம் கொதித்தது. தெருவே எட்டிப் பார்க்கும்படி கத்தினேன். அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். “விடு தம்பி. ட்ரெயினுக்கு நேரமாச்சு.” அந்தப் பெண் மட்டும் மாடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

வேறு இரண்டு இடத்திலும் இதே கதைதான். கோடை விடுமுறைக்கு முன் அக்கா வேலையை விட்டார். மிச்சமிருந்த ஃபிளெமிஷ் கார்டுகளைக் கடைசி நாளன்று உட்கார்ந்து எழுதி முடித்தார், ஆளுக்கு இரண்டாக. ஸ்டேஷன்வரை பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

மழைக்காலத்தில் ஏரி நிரம்பியது. அந்த வீட்டு கேட்டில் ‘வாடகைக்கு’ என்ற அட்டை அப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது.