டா நாங் கரையில் விசாலத்துக்குக் கட்டிய வெள்ளைத் துணி

காலை ஏழு மணிக்கு விடுதி வாசலில் கார் வந்து நின்றது. ஒரு நாள் ஊர் சுற்றிக் காட்டப் பதினைந்து லட்சம் என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவர்கள் ஊர் டாங் கணக்கு, நம் பணத்துக்கு ஐயாயிரம் ரூபாய்தான் வரும் என்று வரவேற்பில் இருந்த பெண் கால்குலேட்டரில் தட்டிக் காட்டிய பிறகுதான் மூச்சு வந்தது. கார், ஓட்டுநர், ஆங்கிலம் பேசும் வழிகாட்டி எல்லாம் அதற்குள் அடக்கம். இருந்தாலும் காரில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்தப் பதினைந்து லட்சம் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

நான் திருமயத்தில் பெயிண்டும் சிமெண்டும் விற்கிறவன். விற்பனை இலக்கைத் தொட்ட டீலர்களை மனைவியோடு வெளிநாடு கூட்டிப்போவது பெயிண்ட் கம்பெனிக்காரர்களின் வழக்கம். இந்தத் தடவை வியட்நாமின் டா நாங் என்ற கடற்கரை நகரம். ஊரிலிருந்து எழுபது கிலோமீட்டர் வேனில் போய், திருச்சியில் விமானம் ஏறி, சைகோனில் இறங்கி, அங்கே இன்னொரு விமானம் மாறி வந்து சேர்ந்தோம். தேதி கம்பெனி வைத்தது. அதிலிருந்து மூன்றே வாரத்தில் எங்கள் மகள் வள்ளிக்குக் கல்யாணம்.

வள்ளி எங்களுக்கு ஒரே பிள்ளை. அவளைப் பெற்ற விசாலமும் அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளைதான். கல்யாணத்தை வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுவதா என்று நான் தயங்கினேன். ஓசியில் வருவதை விடாதீர்கள் என்று வள்ளிதான் பிடித்துத் தள்ளினாள். விராலிமலையில் இருக்கும் சம்பந்தியம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"போயிட்டு வாங்க, நல்லா இருங்க. பத்திரிகை வைக்க ஆரம்பிச்சாச்சு. எங்கிட்டும் துக்கத்துல மட்டும் கலந்துக்கிறாதீங்க. அது ஒண்ணுதான் எனக்குப் பயம்."

எங்கள் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். பத்திரிகை வைக்கத் தொடங்கிவிட்டால் கல்யாணம் முடியும்வரை சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. போன வாரம்கூட கடைக்கு எதிர்வீட்டுக்காரர் தவறிப்போனார். மாலையை மட்டும் கொடுத்தனுப்பிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அந்நிய தேசத்தில் நமக்கு ஏது துக்க வீடு என்று சம்பந்தியம்மாவிடம் சிரித்துக்கொண்டே வாக்குக் கொடுத்தேன்.

மற்ற டீலர்கள் எல்லாரும் கம்பி வண்டியில் மலைக்குப் போனார்கள். "அந்தரத்துல தொங்கிக்கிட்டு நான் வரமாட்டேன், சாமி" என்று விசாலம் ஒரே போடாகப் போட்டுவிட்டதால்தான் எங்களுக்கு இந்தத் தனிக் கார்.

வழிகாட்டியின் பெயர் ஹா. முப்பது வயது இருக்கும். தொப்பியும் வெயிலுக்கு மறைப்பாக முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு, எங்களைப் பார்த்ததும் இரண்டு கையாலும் வணக்கம் வைத்தாள். முதல் வேலையாக ஒரு காப்பிக் கடைக்குக் கூட்டிப்போனாள். சாலையைக் கடக்க வேண்டும். எதிரே ஸ்கூட்டர்கள் அடைமழை வெள்ளமாக வந்துகொண்டிருந்தன. நிற்காதீர்கள், ஓடாதீர்கள், மெதுவாக நடந்துகொண்டே இருங்கள், அவர்களே விலகிப் போவார்கள் என்றாள் ஹா. புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் இப்படி நடந்தால் அன்றைக்கே காரியம் முடிந்துவிடும். நான் விசாலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி நடந்தேன். விலகித்தான் போனார்கள்.

காப்பி வந்தது. முப்பதாயிரம் டாங், நூறு ரூபாய். ஒரு வாய் வைத்ததும் எனக்கு அதிர்ச்சி. உப்பு! சர்க்கரை என்று நினைத்து உப்பை அள்ளிப் போட்டுவிட்டார்கள் என்று நான் கடைக்காரரைக் கூப்பிட்டேன். ஹா சிரித்துவிட்டு, இதன் பெயரே உப்புக் காப்பிதான், இந்த ஊருக்கு வருகிறவர்கள் தேடிக் குடிப்பார்கள் என்றாள். விசாலம் தன் குவளையைக் காலி செய்தாள். பிறகு என்னுடையதையும் எடுத்துக்கொண்டாள்.

எட்டரை மணி இருக்கும். சோன் ட்ரா மலைமேல் அறுபத்தேழு மீட்டர் உயரமுள்ள கருணைத் தேவியின் வெள்ளைச் சிலை ஒன்று இருக்கிறது. அங்கே போகும் வழியில், மான் தாய் என்ற மீனவர் கரையில் காரை நிறுத்தச் சொன்னாள் ஹா. மூங்கிலில் பின்னிய வட்டப் பரிசல்கள் மணலில் கவிழ்ந்து கிடந்தன. இதில் ஏறியா கடலுக்குள் போகிறார்கள் என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எங்கள் ஊரார் கடல் பார்ப்பது தை அமாவாசைக்கு மணமேல்குடி போகும்போது மட்டும்தான். முழுக்குப் போட்டுத் தர்ப்பணம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவோம். விசாலம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அலை ஓரமாக முன்னே நடந்தாள்.

"ஏங்க, இங்கிட்டு வாங்களேன். என்னமோ கெடக்கு" என்று அங்கிருந்து கூவினாள்.

ஆள் நீளத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு மீன். மூக்கு நீண்டிருந்தது. அலை வந்து புரட்டிப் போட்டும் அசைவில்லை. டால்பின் என்றாள் ஹா. சொன்னவள் தொப்பியைக் கழற்றிவிட்டாள். அவள் முகம் மாறிப்போனதைப் பார்த்து எனக்குச் சங்கடமாக இருந்தது. அதற்குள் தூரத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் ஒருவர் ஓடிவந்தார். வந்தவர் மணலில் மண்டியிட்டுக் கும்பிட்டார். எழுந்து, ஹாவிடம் ஏதோ கேட்டார். ஹா எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"சார், முதலில் பார்த்தது யார்?"

"எதற்கு?" என்றேன்.

அவள் சொன்னதைக் கேட்டு நான் ஓரடி பின்னால் நகர்ந்துவிட்டேன். திமிங்கலமும் டால்பினும் இந்த மீனவர்களுக்குத் தெய்வமாம். புயலில் கவிழ்ந்தவர்களை முதுகில் தாங்கிக் கரை சேர்க்கும் பெரியவர் என்று நம்புகிறார்கள். அது செத்துக் கரை ஒதுங்கினால் மனிதருக்குச் செய்வதுபோல் எல்லாச் சடங்கும் செய்து அடக்கம் செய்வார்கள். அதை முதலில் பார்த்தவர் யாரோ, அவர்தான் அதற்கு மூத்த மகன். தலையில் வெள்ளைத் துணி கட்டி, ஊர்வலத்தின் முன்னால் நடந்து, முதல் பிடி மண் போட வேண்டும்.

வள்ளி கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது. சாவு வீட்டு வாசல்கூட மிதிக்கக் கூடாது. இங்கே என்னடாவென்றால் நேராகக் கொள்ளி வைக்கும் பிள்ளையாகவே ஆக்கப் பார்க்கிறார்கள். இவர்தான் முதலில் பார்த்தார் என்று வலைக்காரரைக் கை காட்டினேன். கூசாமல்தான் சொன்னேன்.

ஹா புரிந்துகொண்டாள். "விருப்பம் இல்லையென்றால் இவரே செய்வார். சந்தோஷமாகச் செய்வார். இது கிடைப்பது பெரிய அதிர்ஷ்டம் என்று நினைக்கிறவர்கள் நாங்கள்."

அப்பாடா என்றிருந்தது. விசாலத்தின் கையைப் பிடித்துக் காருக்கு இழுத்தேன். அவள் நகரவில்லை.

"என்ன சொல்றாக?"

தமிழில் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அன்று மாலைவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் முழுவதும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "பொம்பளை செய்யலாமான்னு கேளுங்க."

"விசாலம், ஒனக்கு என்ன கிறுக்கா? அங்கிட்டுப் பத்திரிகை வச்சுக்கிட்டு இருக்கோம்!"

"கேளுங்கன்னா."

நான் கேட்கவில்லை. அவளே ஹாவிடம் திரும்பி, தன் நெஞ்சில் கை வைத்து, "மீ பர்ஸ்ட்" என்றாள். டால்பினைக் காட்டினாள். மறுபடி நெஞ்சைத் தொட்டாள். "மீ பர்ஸ்ட். லேடி, ஓகே?"

ஹா வலைக்காரரிடம் பேசினாள். அவர் தலையைச் சொறிந்தார். அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். அவர்களுக்குள் கொஞ்ச நேரம் விவாதம் நடந்தது. ஒருவர் சிரித்தார், ஒருவர் கையை ஆட்டி மறுத்தார். கடைசியில் வலைக்காரர் ஏதோ சொல்ல எல்லாரும் அடங்கினார்கள்.

"பார்த்தவர்தானே மகன் என்கிறார்" என்றாள் ஹா. "இன்றைக்கு மூத்த மகன் ஒரு பெண். அவ்வளவுதான் என்கிறார்."

நான் விசாலத்தைத் தனியே இழுத்துக் கெஞ்சினேன். சம்பந்தியம்மா காதில் விழுந்தால் என்ன ஆகும், வள்ளி வாழ்க்கையில் ஏதாவது ஒன்று என்றால் காலத்துக்கும் நம்மைத்தானே சொல்வார்கள் என்றேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எங்கப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை. அவரு செத்தப்ப, தெரு முக்கு வரைக்கும்தான் என்னைய விட்டாக. பதினஞ்சு வருசமா வீட்டுப் பக்கமே எட்டிப் பாக்காத பங்காளி மகன் வந்து கொள்ளிச் சட்டியத் தூக்கிட்டுப் போனான். நான் முக்குல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்களும்தானே கூடப் போனீக? எப்படி எரிஞ்சுச்சுன்னு ஒரு நாளாச்சும் எங்கிட்டச் சொல்லியிருக்கீகளா?"

முப்பது வருடம் குடும்பம் நடத்தியும் அவள் மனதில் இது கிடக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போனதுதான் அன்றைக்கு விழுந்த பெரிய அடி.

பதினொரு மணிக்கு எல்லாம் தயாராகிவிட்டது. டால்பினை அரிசிச் சாராயத்தால் கழுவினார்கள். கல்யாணப் பட்டு மாதிரி பளபளக்கும் சிவப்புத் துணியில் சுற்றினார்கள். சாவுக்குச் சிவப்பா என்று நான் மறுபடி அதிர்ந்தேன். வலைக்காரர் வெள்ளைத் துணி ஒன்றைக் கிழித்து விசாலத்தின் நெற்றியைச் சுற்றிக் கட்டினார். நெற்றிப் பொட்டு மறைந்துவிடாமல் அவள் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். கையில் ஊதுவத்திக் கட்டைக் கொடுத்தார்கள். பறை மாதிரி ஒன்றை அடித்துக்கொண்டு ஊர்வலம் கிளம்பியது. எல்லாருக்கும் முன்னால் என் மனைவி மயில்கழுத்து நிறப் புடவையில் வெறுங்காலோடு நடந்தாள்.

நான் தீட்டுக்குப் பயந்து நூறு அடி தள்ளியே போனேன். கடலைப் பார்த்திருந்த சின்னக் கோவிலுக்குப் பின்னால் குழி வெட்டியிருந்தார்கள். உள்ளே இறக்குவதற்கு முன்னால் விசாலம் கைப்பையைத் திறந்தாள். விபூதிப் பொட்டலத்தை எடுத்து, துணியை விலக்கி அதன் நெற்றியில் மூன்று விரலால் பூசினாள். யாரும் தடுக்கவில்லை. வலைக்காரர் தன் நெற்றியையும் குனிந்து நீட்டினார். அவருக்கும் பூசினாள். பிறகு முதல் பிடி மண்ணைப் போட்டாள். போட்டவள் அங்கேயே உட்கார்ந்து, "அப்பா, அப்பா" என்று ஓங்கி அழுதாள். மொழி தெரியாத பெண்கள் நாலைந்து பேர் அவளைப் பிடித்துக்கொண்டு கூடவே அழுதார்கள். அதற்குமேல் நூறு அடி தள்ளி நிற்க எனக்கு மனம் வரவில்லை. கிட்டே போய் அவள் தோளைத் தொட்டேன்.

மலைமேல் இருக்கும் சிலையை நாங்கள் பார்க்கவில்லை. மதியம் போவதாக இருந்த சலவைக்கல் மலையையும் பார்க்கவில்லை. விசாலம் புடவையோடு கடலில் இறங்கி மூன்று முழுக்குப் போட்டாள். வலைக்காரர் வீட்டில் தேநீர் கொடுத்து மாலைவரை எங்களை உட்காரவைத்தார்கள். மூன்று வருடம் கழித்து எலும்பை எடுத்துக் கோவிலில் வைப்பார்களாம், மூத்த மகன் கட்டாயம் வரவேண்டும் என்றார் வலைக்காரர். சரி என்று விசாலம் தலையாட்டினாள். பதினைந்து லட்சத்தில் நாங்கள் பார்த்தது ஒரு கடற்கரையும் ஒரு குழியும்தான் என்று நான் முணுமுணுத்தேன். ஹா பாதிப் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னாள். விசாலம் ஒரு காசும் வாங்க விடவில்லை.

மாலை ஆறரை மணிக்கு விடுதிக்கு வந்ததும் விசாலம் சம்பந்தியம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அழைப்புப் போட்டாள். நான் போனைப் பிடுங்கப் பார்த்தேன், நடக்கவில்லை. ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். கல்யாணம் போயிற்று என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"குளிச்சுட்டீகளா?" என்று ஸ்பீக்கரில் சம்பந்தியம்மா குரல் வந்தது.

"கடல்லயே மூணு முழுக்குப் போட்டேன்."

"அப்பறம் என்ன. மீனுக்கெல்லாம் தீட்டு இல்லை. எங்க வீட்டு ஆம்பளைககிட்ட மட்டும் சொல்லிக்கிற வேணாம், வாயக் கட்ட மாட்டாக." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏம்மா, மண்ணு போடுறப்ப எப்படி இருந்துச்சு?"

அதற்குமேல் இரண்டு பேரும் பேசியது எனக்குக் கேட்கவில்லை. விசாலம் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை விமானம் டா நாங்கை விட்டு எழும்பியபோது கடலும் கரையும் சாய்ந்து தெரிந்தன. மான் தாய் எந்தப் பக்கம் என்று அடையாளம் தெரியவில்லை. எங்கள் ஊரில் கடல் என்றால் திரும்பிப் பார்க்காமல் வருகிற இடம். நான் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"எனக்கு வள்ளிதான் கொள்ளி வைக்கணும்" என்றாள் விசாலம் திடீரென்று. "உங்க அண்ணன் மகனெல்லாம் வர வேணாம்."

"கல்யாணப் பொண்ணுகிட்ட இதையெல்லாம் போய் எப்படிச் சொல்றது?"

"நேத்து ராத்திரியே சொல்லிட்டேன்" என்றாள், பெல்ட்டைச் சரிசெய்துகொண்டே. "உங்களுக்கும் சேத்துத்தான் கேட்டேன். சரின்னுட்டா."