திரும்பி வராத கதாநாயகி

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதுதான் அன்றைக்கு வினையாகப் போயிற்று.

தாத்தாவைப் பற்றி நான் நெட்டில் பெருமையாக அளந்துவிட்டிருந்ததைப் பார்த்து, அமெரிக்காவிலிருந்து ஒரு பெண் வீடியோவில் கூப்பிட்டாள். ஏதோ ஒரு அமெரிக்க ஊமைப்படம். ஒரு பிரதிகூட மிச்சமில்லையாம், முடிவு என்னவென்றே யாருக்கும் தெரியாதாம். அது ரங்கூனில் ஓடியபோது திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் கதை சொன்னவர் என் தாத்தா. அவருடைய மகள், என் அத்தை, தொண்ணூறை நெருங்குகிறவள், ரங்கூனிலேயே மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் எங்களோடு இருக்கிறாள். தமிழும் பர்மியும்தான் அவளுக்கு. நடுவில் மொழிபெயர்க்க நான்.

தாத்தா சொல்லிச் சொல்லிக் கேட்டதை அத்தை கடகடவென்று சொன்னாள்.

"கடைசில அந்தப் பொம்பள புருஷன், புள்ள எல்லாத்தையும் விட்டுட்டுக் கப்பலேறிப் போயிருவா. வரவே மாட்டா. மொத நாளு அப்பா உள்ளத உள்ளபடி சொல்லிட்டாரு. பார்க்க வந்தவங்க பூரா பொண்டாட்டிய ஊர்ல விட்டுட்டு வந்த துறைமுகத்து ஆளுங்க. அழுதுக்கிட்டே அப்பாவ அடிச்சுட்டாங்க. பல்லு ஒண்ணு போச்சு. மறுநாள்லேருந்து திரையில கப்பல் தெரிஞ்சதும் 'இந்தா, திரும்பி வந்துட்டா'ன்னுட்டாரு. அவரு அடி வாங்குனத மறக்காம சொல்லுடி."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அடி வாங்கிய தாத்தா, பொய் சொல்லிப் பிழைத்த தாத்தா! வெள்ளைக்காரி முன்னால் மானம் கப்பலேறிவிடுமே என்று, "கடைசியில் அவள் கணவனிடம் திரும்பி வருகிறாள். எல்லாரும் கைதட்டினார்களாம்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் கண் கலங்க எழுதிக்கொண்டாள்.

"அடி வாங்குனத சொன்னியா?" என்றாள் அத்தை.

"சொல்லிட்டேன் அத்தை."

போன வாரம் அந்த அமெரிக்கப் பெண் எழுதியது நெட்டில் வந்தது. நான் சொன்ன பொய்தான் இப்போது அந்தப் படத்தின் முடிவு. உண்மையை எழுதி அனுப்பலாமென்று உட்காருவேன். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டால் என்ன சொல்வது? எழுந்துவிடுவேன். சீ, நானும் ஒரு மனுஷி!

நேற்று சாயங்காலம் தெருவே "மீ லாபி!" என்று கத்தியது. கரண்ட் வந்துவிட்டது. அத்தை விளக்கடியில் வந்து உட்கார்ந்து, "அந்தப் பொண்ணு எழுதுனத வாசி" என்றாள். போனைப் பார்த்துக்கொண்டே அதில் இல்லாததையெல்லாம் தமிழில் வாசித்தேன். போன கப்பல், விழுந்த அடி, உடைந்த பல். அத்தை கண்ணை மூடிக் கேட்டாள்.

"எப்படி வாசிக்கற பாரு! அப்படியே எங்கப்பாதான்" என்று என் கன்னத்தைத் தடவினாள்.

என்னால் போனைவிட்டுத் தலையைத் தூக்க முடியவில்லை.