காலால பொறந்தவனுக்கு இடுப்பு வலி

நான் காலு முன்னாடி வந்து பொறந்தவன். அப்படிப் பொறந்தவன் மிதிச்சா இடுப்புப் பிடிப்பு விட்டுடும்னு எங்க தெருவே வந்து குப்புறப் படுக்கும். அம்மாதான் வரிசை கட்டி விடும். அம்மா செத்து மூணு மாசம் ஆவுது, இப்ப எனக்கே வலி.

அதுவும் இடுப்புல இல்ல, முன்தொடையில. நாத்து பறிக்கையில முழங்கால் மடங்கி சேத்துலயே உக்காந்துட்டேன். காலு போயிடுமோன்னு பயம்.

தஞ்சாவூர் டாக்டர் மல்லாக்கப் படுக்க வச்சு காலைத் தூக்குனாரு, ஒண்ணும் வலிக்கல. குப்புறப் போட்டு முழங்காலை மடக்குனாரு, உசுரே போச்சு. ஸ்கேன்ல பாத்தா, இடுப்புக்கிட்ட முதுகெலும்புக்கு நடுவுல இருக்குற ஜவ்வு வழக்கமான எடத்துல இல்லாம பக்கவாட்டுல தள்ளிப் பிதுங்கி நரம்பை அமுக்குதாம். அபூர்வம்னாரு.

“இடுப்பை யாராச்சும் மிதிச்சாங்களா?”

“நான்தாங்க சார் ஊரையே மிதிக்கிறவன்.”

சிரிச்சுட்டாரு. “இனிமே மிதிக்காத. ஊசி போடுறேன், அதுக்குக் கேக்கலன்னா ஆபரேஷன்.”

ஊசிக்கே கேட்டுச்சு. முழங்கால் இப்ப நிக்குது. நேத்து பக்கத்து வீட்டு அத்தை வந்து குப்புறப் படுத்துச்சு. “ஸ்கேன் எடுத்துட்டு வாங்க அத்தை”ன்னேன்.

“ஒங்கம்மா இருந்தா இப்படிப் பேச விடுவாளா?”

விடாதுதான். ஆனா காலு மடங்குன அன்னிக்கே என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருக்கும். நான் பதினஞ்சு நாளு, யாராச்சும் வந்து இழுத்துட்டுப் போவாங்கன்னு கெடந்தேன்.